பொய் நிலாவுக்குக் கல் கொடுத்த ஊர்

ஸ்டார்ஃபீல்ட் என்ற வீடியோ கேம் ஒரு சுரங்கத்தில் தொடங்குகிறது. கி.பி. 2330. வெக்டெரா என்றொரு துணைக்கோளின் வயிற்றுக்குள் நாம் ஒரு கூலியாள். கையில் லேசர் கருவி. மேஸ்திரி கைகாட்டும் பாறையை அதைக் கொண்டு அறுக்க வேண்டும். கல் பொரிந்து உதிரும். இத்தனை இரும்பு, இத்தனை ஈயம் என்று நம் கணக்கில் ஏறும். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூலியாளுக்கு ஒரு விண்கலமும் துப்பாக்கியும் கிடைத்துவிடும். அப்புறம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களில் எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம், நடக்கலாம், வழிமறிக்கிற கொள்ளைக்காரர்களைச் சுடலாம். அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2023 செப்டம்பர் 6 அன்று இதை வெளியிட்டது. சுடுவதற்கு வேண்டிய கைநிதானம் எனக்கு இல்லை. ஆளில்லாத கோள்களில் சும்மா நடந்து திரியத்தான் நான் ஆடினேன்.

அது வெளிவருவதற்கு இரண்டு வாரம் முன்னால், ஆகஸ்ட் 23 அன்று, சந்திரயான்-3 நிலவில் இறங்கியிருந்தது. அந்த இறக்கத்துக்கு ஒத்திகை பார்த்த மண், நாமக்கல் மாவட்டத்துக் கல்லை அரைத்து எடுத்தது. சித்தம்பூண்டி, குன்னமலை என்று இரண்டு ஊர்கள். சேலத்தில் பிறந்து வளர்ந்தும் அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததில்லை. எங்கோ கற்பனைக் கோள்களில் காலோய நடந்தவனுக்கு, பக்கத்தில் இருக்கிற நிலாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

கூட வந்தவன் என் அக்கா மகன். பொறியியல் மாணவன். பாடப் புத்தகத்தைவிட அதிக நேரம் அவன் செலவிடுவது தானே செய்துகொண்டிருக்கும் கேமில்தான். நிலவில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு வீரன்; கண் மட்டத்திலிருந்து பார்க்கும் பார்வை; திரையின் அடியில் துப்பாக்கிமுனை. துப்பாக்கி தயார், எதிரிகள் தயார், ஓடுவதற்குத்தான் தரை இல்லை. “நல்ல பாறையா நாலு கெடைச்சா போதும் மாமா” என்றான்.

முதலில் அவனை ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவின் முன் நிறுத்தினேன். ஸ்டுடியோ போய்விட்டது, முகப்பு மட்டும் நிற்கிறது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்து, 1930-களின் நடுவில் கட்டிய ஸ்டுடியோ இது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இரண்டும் இந்த வளாகத்தின் கணக்கில் வருகின்றன. இவற்றை எல்லாரும் சொல்வார்கள். 1952-இல் அமெரிக்காவின் லிப்பெர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த ‘தி ஜங்கிள்’ பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. தமிழில் அது ‘காடு’. இந்தியக் காட்டில் யானைகள் மிரண்டு ஊர்களைத் துவம்சம் செய்கின்றன. ஏன் என்று பார்க்கப் போகும் குழு, உலகத்திலிருந்து அழிந்துபோன சடை யானைகள் அங்கே உயிரோடு திரிவதைக் கண்டுபிடிக்கிறது. வில்லியம் பெர்க் இயக்கினார், ராட் கேமரூனும் சீசர் ரொமேரோவும் நடித்தார்கள். அழிந்த யானைக்கு எங்கே போவது? நம்மூர் யானைகளுக்கே சடைமயிர் போர்த்தி நடக்க விட்டார்கள்.

“அப்பவே ஸ்கின் மாத்தியிருக்காங்க மாமா” என்றான் இவன். கேமில் ஒரே பொம்மைக்கு வேறு தோல் போர்த்தி வேறு ஆள் ஆக்குவதற்கு அதுதான் பெயர். சேலத்தின் முதல் அறிவியல் புனைவு, யானைக்கு முடிவைத்த கதை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அங்கிருந்து கருப்பூர்ப் பக்கம் போகப் போக நிலம் வெளுக்கத் தொடங்குகிறது. சேர்வராயன் மலை பச்சையாகப் பின்னால் நிற்க, அதன் காலடியில் வெள்ளைக்கல் சுரங்கங்கள். மேக்னசைட் என்று ஏட்டில் எழுதுவார்கள், ஊரில் வெள்ளைக்கல்தான். எஃகு உலைகளின் உட்சுவருக்கான செங்கல் இதிலிருந்து வருகிறது. எஃகே உருகும் சூட்டிலும் அது உருகாது. சுரங்க விளிம்பில் நின்று பார்த்தால் பழுப்பும் பச்சையுமான பாறைக்குள் வெள்ளை நரம்புகள் கன்னாபின்னாவென்று பின்னியிருக்கின்றன. நரம்பை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு மற்றதைக் குவித்துப் போட்டுப் போட்டு, குவியல்களே குன்றுகளாகிவிட்டன. இயற்கையான கரடு எது, கொட்டிய கரடு எது என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. மழை பெய்தால் குழிகளில் நீலப்பச்சையாகத் தண்ணீர் நிற்கும். ஸ்டார்ஃபீல்டில் இப்படி ஒரு இடம் வந்தால் நான் அசந்துபோய் நின்று படம் பிடித்து வைத்திருப்பேன். சின்ன வயதில் ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தபோது, சேலம் வந்துவிட்டது, பையை எடு என்பதற்கான அடையாளம் அது. அவ்வளவுதான்.

மருமகன் லேப்டாப்பைத் திறந்து தன் நிலாவைக் காட்டினான். மேடுபள்ளங்கள் எல்லாம் கணக்கிலிருந்து வருபவை. 1982-இல் வந்த ‘ட்ரான்’ படத்தில் வேலை பார்த்த கென் பெர்லின், கணினிப் படங்களின் வழவழப்பு பொறுக்காமல் ஒரு வாய்பாட்டை உருவாக்கினார். தாறுமாறாக எண்களைக் கொடுக்கும். ஆனால் பக்கத்து எண்ணோடு உறவு அறாமல் கொடுக்கும். அந்த எண்களை உயரமாக எடுத்துக்கொண்டால் மலைத்தொடர் வந்துவிடும். 1997-இல் அதற்கு ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. இன்றைக்கு, எங்கும் சுற்றித் திரியலாம் என்கிற ஓபன் வேர்ல்டு விளையாட்டுகள் பலவற்றின் நிலங்கள் அந்த வாய்பாட்டின் பேரன் பேத்திகள். 2016-இல் வெளிவந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’யில் இப்படிக் கணக்கிலேயே பிறக்கக்கூடிய கோள்களின் எண்ணிக்கை 1.8 லட்சம் கோடி கோடி. ஒரு வாழ்நாளில் ஒரு மூலையைக்கூடப் பார்த்து முடிக்க முடியாது. அதில் நான் நடந்த கோள்கள் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கஞ்சமலையை நினைக்காமல் போக முடியாது. நகரத்துக்குத் தென்மேற்கே தனியாகப் படுத்திருக்கும் இந்த மலையின் உடம்பில் இரும்பு வரிவரியாக ஓடுகிறது. கையில் ஒரு காந்தத் துண்டு இருந்தால் அடிவாரத்து மணலில் போட்டு இழுத்துப் பாருங்கள். கறுப்பாக மீசை முளைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் சேலத்து இரும்பை நம்பித்தான் பரங்கிப்பேட்டையில் உருக்காலை வைத்தார், வைத்து நொடித்தும் போனார். அவருக்கு வெகுகாலம் முன்பே இங்கே உலை எரிந்திருக்கிறது. மேட்டூர் அருகே மாங்காட்டில் கிடைத்த இரும்பின் காலக்கணிப்பு கி.மு. 1604-க்கும் 1416-க்கும் இடையில் நிற்கிறது. மலையடியில் சேலம் உருக்காலை இருக்கிறது. ஆனால் அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டுகிற ஆலை, கஞ்சமலைக் கல்லை அது தொடுவதில்லை.

அதே மலையில் சித்தர் கோயில். வயதான சீடர் ஒருவர் ஏதோ செடியின் குச்சியால் சோற்றைக் கிளற, சோறு கறுத்துப்போனது, பயந்து அதைத் தானே தின்றுவிட்டார், இளைஞனாகிவிட்டார். குரு வந்து பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. இது ஊர்க்கதை. கேமில் பச்சைக் குப்பியைக் குடித்ததும் உயிர்க்கோடு நிரம்புமே, அதை ஊர் எத்தனை காலமாகவோ சொல்லிக்கொண்டிருக்கிறது. கதையைக் கேட்ட மருமகன், செடியின் பெயர் என்ன என்று கோயில் வாசலில் பூ விற்பவரிடம் மெனக்கெட்டு விசாரித்தான். அவர் சிரித்துவிட்டு, தெரிஞ்சா நான் ஏன் இங்க பூ விக்கறேன் என்றார்.

சங்ககிரியில் நிற்கவில்லை. 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டை, வெயிலில் மலை முழுக்க மதில்களைச் சுற்றிக்கொண்டு தெரிந்தது. கண்ணில் படுகிற மலை எதுவானாலும் ஏறலாம் என்பது ஓபன் வேர்ல்டு விளையாட்டுகளின் பெரிய வாக்குறுதி. சித்திரை வெயில் அந்த வாக்குறுதியில் சேராது.

திருச்செங்கோட்டில் அர்த்தநாரீசுவரர் மலைமேல் இருக்கிறார், கீழே ரிக் வண்டிகள் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணறு தோண்டும் இந்த வண்டிகளின் தலைநகரம் இதுதான். ராஜஸ்தான் பாலைவனத்திலும் ஆப்பிரிக்காவிலும் திருச்செங்கோட்டு வண்டிகள் போர் போட்டிருக்கின்றன. ஊருக்கு வெளியே ஒரு காட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. இருபது அடி ராடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்க, கம்ப்ரஸர் காற்று அடியிலிருந்து கல்மாவைக் கக்கிக்கொண்டிருந்தது. வேலையாட்களின் இமை, மீசை, காது மடல் எல்லாம் சாம்பல் பூத்து, யாருக்கு என்ன வயது என்றே தெரியவில்லை.

டிரில்லர் ஒவ்வொரு ராடு இறங்கியதும் ஒரு கை மாவை அள்ளிச் சாக்கின் மேல் வரிசையாகக் குவித்து வைத்திருந்தார். செம்மண், மஞ்சள், சாம்பல், கறுப்பு, மறுபடி சாம்பல். நிலத்தின் உள்பக்கம் சாக்குமேல் படுத்திருந்தது. விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, “இது கட்டிக் கல்லுங்க. வெடிப்பு இருந்தா மாவு ஈரமா வரும். இன்னும் ஓட்டிப் பாக்கலாம்” என்றார். காட்டுக்காரர் எதுவும் பேசவில்லை. அடிக்கணக்குக்குத்தான் கூலி, இறங்குகிற ஒவ்வொரு ராடும் அவர் மடியிலிருந்துதான் இறங்குகிறது. துளை போட வேண்டிய இடத்தை உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்த்துக் குறித்தார்களாம். ஸ்டார்ஃபீல்டில் ஸ்கேனரை நீட்டினால் பாறைக்குள் என்ன இருக்கிறது என்று எழுத்தில் வரும். தப்பாக வந்ததே இல்லை. தேங்காய் தப்பும். அதனால்தானோ என்னவோ, அந்தக் காட்டில் எல்லார் கண்ணும் குழிவாயிலேயே இருந்தது; எனக்கும் அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை.

பரமத்தி வேலூர் வட்டத்துக்குள் நுழைந்து சித்தம்பூண்டியை நெருங்கியபோது, நிலா இருப்பதற்கான எந்த அறிகுறியும் இல்லை. பனைமரம், சோளத்தட்டுப் போர், கோழிப்பண்ணைகளின் நீள நீளமான கூரை, வேலியோரம் கிளுவை. அப்புறம் வரப்புக் கற்களைக் கவனித்தேன். எல்லாம் வெளிறிய கல். வெள்ளையில் கறுப்பு எள் இறைத்தது போல ஒரு நிறம். மாட்டுத்தொட்டியின் அண்டைக்கல், துணி துவைக்கிற கல், வேலிக்கு முட்டுக்கொடுத்த கல் எல்லாம் அதேதான்.

இதற்குப் பெயர் அனார்த்தோசைட். நிலா பிறந்த புதிதில் மொத்தமும் தீக்குழம்பாக இருந்தபோது, கனமான தாதுக்கள் அடியில் தங்க, இலேசானது மேலே மிதந்து ஆறி உறைந்தது. நாம் அண்ணாந்து பார்க்கும் நிலாவின் வெளுத்த மேட்டுப்பகுதிகள் அந்த உறைவுதான். 1971-இல் அப்பல்லோ 15-இல் போன டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் எடுத்துவந்த புகழ்பெற்ற ‘ஜெனிசிஸ் ராக்’ இந்த வகை. வயது 400 கோடி ஆண்டுகளுக்கு மேல். பூமியில் இந்தக் கல் அபூர்வம். சித்தம்பூண்டிக் கல்லுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. புவியியலாளர்களுக்கு இந்த ஊர் புதிதல்ல. இங்கத்திய குருந்தக்கல் ஐரோப்பியர்களின் ஆய்வுமேசைக்கு இரண்டு நூற்றாண்டு முன்பே போய்விட்டது; 1956-இல் ஏ.பி. சுப்பிரமணியம் இந்தப் பாறைத்தொகுதியைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் தேறுமா என்றும் தேடிப் பார்த்தாயிற்று.

இஸ்ரோவுக்கு இந்தக் கல் தேவைப்பட்டது சிக்கனத்துக்காக. சந்திரயான்-2 இறங்கவும் அதன் ஊர்தி உருளவும் பழகுவதற்கு நிலவு மண் மாதிரி வேண்டும். அமெரிக்காவில் வாங்கினால் அப்போது கிலோ 150 டாலர். தேவையோ 60, 70 டன் என்று இஸ்ரோ விஞ்ஞானி மயில்சாமி அண்ணாதுரை ஒரு பேட்டியில் கணக்குச் சொன்னார். சேலத்துப் பக்கம் அந்த வகைக் கல் இருக்கிறது என்று புவியியலாளர்கள் கைகாட்ட, கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகமும் திருச்சி என்.ஐ.டி.யும் சேர்ந்துகொண்டன. சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கல் எடுத்து, சேலத்தில் கிரஷரில் அரைத்து, பெங்களூருக்கு ஏற்றினார்கள். சும்மா அரைத்தால் போதாது. நிலவு மண்ணில் எந்த அளவுத் துகள் எத்தனை பங்கு என்று இருக்கிறதோ அதே பங்கில் கலக்க வேண்டும். இதைச் செய்யும் முறைக்கு 2020 மே மாதம் இந்தியக் காப்புரிமை கிடைத்தது.

பெங்களூரில் அந்த மண்ணைப் பரப்பி ஒரு நிலா கட்டினார்கள். சினிமா ஸ்டுடியோ விளக்குகளைப் பொருத்தி நிலவில் வெயில் விழும் சாய்வில் ஒளி பாய்ச்சினார்கள். நிலவில் எடை ஆறில் ஒன்றுதான், அதற்காக ஊர்தியின் மேல் ஹீலியம் பலூன் கட்டி எடையைக் குறைத்தார்கள். கர்நாடகத்தின் சள்ளக்கெரெ பக்கம் பள்ளங்கள் பறித்து, இறங்குகலத்தின் கண்கள் அவற்றை அடையாளம் காண்கின்றனவா என்று மேலே பறந்து பார்த்தார்கள். 1967-இல் அமெரிக்கர்களும் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் அருகே எரிமலைச் சாம்பலில் வெடிவைத்து நிலாப் பள்ளங்கள் செய்தவர்கள்தான். எனக்கு இதையெல்லாம் படிக்கப் படிக்க மருமகனின் லேப்டாப்தான் ஞாபகம் வந்தது. தரை, வெளிச்சம், ஈர்ப்பு விசை, மேடுபள்ளம். கேம் எஞ்சினில் நாலு பெட்டிகளில் நிரப்பும் விவரங்களை இவர்கள் கிரஷராலும் பலூனாலும் நிரப்பியிருக்கிறார்கள்.

2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2-இன் இறங்குகலமான விக்ரம் நிலவில் மோதி உடைந்தது. நாலு ஆண்டு கழித்து இன்னொரு விக்ரம் நின்றது. அதன் ஊர்தி பிரக்யான் சுமார் 100 மீட்டர் உருண்டது. அது அளந்து அனுப்பிய மண்ணும் அனார்த்தோசைட் வகைதான் என்று 2024-இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது.

மருமகன் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டான். ஆள் உயரம், ஒரு பக்கம் சரிந்தது, உச்சியில் பல்லி. செல்பேசியால் அடியடியாக நகர்ந்து சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். இடுப்பளவில் ஒரு சுற்று, தலைக்கு மேல் ஒரு சுற்று, குனிந்து ஒரு சுற்று. எல்லாப் படத்தையும் கணினி கோத்து அதே பாறையைக் கேமுக்குள் நிறுத்திவிடும். பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் ஐஸ்லாந்துக்கும் பாலைவனத்துக்கும் ஆள் அனுப்பிப் பாறை கொண்டுவருகின்றன. வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயா வெகுநேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“ஏஞ்சாமி, கல்ல எதுக்கு இத்தன போட்டோ புடிக்கற?”

“கேமுல வெக்கறதுக்குங்க ஆயா. வெளையாட்டு.”

“கல்ல வெச்சு என்ன வெளையாட்டு?”

“அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டுச் சுடறதுங்க.”

“ஆரச் சுடற?”

அவனுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் இடையில் புகுந்து, இந்தக் கல்தான் நிலாவுக்குப் போனதாமே, தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாமென்ன. டிவிக்காரங்க வந்தாங்களே. எங்கூரு மண்ணு நெலாவுக்குப் போச்சுன்னாங்க.”

“நெலாவுக்குப் போகலீங்க ஆயா. பெங்களூரு வரைக்குந்தான். அங்க பொய்யா ஒரு நெலா செஞ்சு பழகிக்கிட்டாங்க.”

ஆயா கொஞ்சம் யோசித்தார். “பொய் நெலாவுக்கா இத்தன லோடு?” என்றவர், ஆடு ஒன்று அடுத்தவர் பருத்திக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டு வைதுகொண்டே ஓடினார்.

ஸ்டார்ஃபீல்டில் வெகுதூரம் நடந்தால் ஓரிடத்தில் எல்லை வந்துவிட்டது, திரும்பு என்று திரையில் அறிவிப்பு வரும். இங்கே நாங்கள் நடந்த இடமெல்லாம் அறிவிப்புதான். சர்வே கல், கிளுவை வேலி, குரைக்கிற நாய், யார் நீங்க என்ற கேள்வி, பாறையில் மஞ்சள் பூசி நட்ட வேல். கோள்கள் வெறுமையாக இருக்கின்றன என்று ஆட்டக்காரர்கள் குறைசொன்னபோது, நிலாவுக்குப் போன மனிதர்களுக்கும் அங்கே ஒன்றும் இல்லை, அவர்கள் சலித்துக்கொள்ளவில்லையே என்கிற மாதிரி பெதஸ்டா தரப்பு பதில் சொன்னது. கெட்டிக்காரப் பதில். ஆனால் சித்தம்பூண்டியில் சுற்றிய பிறகு எனக்கு அந்தப் பதில் ருசிக்கவில்லை. வெறுமை என்று நான் ஆசைப்பட்டுத் திரிந்தது, யாரும் தொடாத நிலம். நிலாவைப் போலவே இருக்கிற இந்த நிலத்தில் யாரோ தொடாத கல் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. அப்படி இருந்தும், அல்லது அதனால்தான், ஒவ்வொரு கல்லும் நினைவில் இருக்கிறது.

குன்னமலையிலும் அதே வெளிறிய கல். நாமக்கல் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். ஒரே பாறை நகரத்தின் நடுவில் எழும்பி நிற்கிறது. அதன் தலையில் கோட்டை, இடுப்பில் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைகள், எதிரே கூரையில்லாமல் பதினெட்டு அடி ஆஞ்சநேயர். புராணப்படி இமயத்திலிருந்து அவர் கொண்டுவந்த சாளக்கிராமம் இங்கே கீழே வைத்ததும் வளர்ந்து மலையானது. வெளியூர்க் கல் என்றுதான் ஊரே இதை நம்புகிறது. இந்தப் பாறை மருமகனுக்கு வேண்டாமாம், ரொம்பப் பெரிய ஃபைலாகிவிடும்.

லாட்ஜ் அறையில் முட்டைப் பரோட்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் பாறையைக் கோத்து முடித்தான். கறுப்பு வானத்தின் கீழ், சாம்பல் தரையில், சித்தம்பூண்டிப் பாறை பல்லி இல்லாமல் நின்றது. சுற்றிக் காட்டும்போது பின்பக்கத்தில் வரிசையாக ஐந்தாறு துளைகள் தெரிந்தன. யாரோ எப்போதோ கல்லை உடைக்கத் தமர் அடித்துவிட்டு, ஏனோ பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள்.

“இத அழிச்சிடறேன் மாமா. நெலாவுல யாரு வந்து தமர் அடிச்சா?”

“ஸ்டார்ஃபீல்டே கல்லுடைக்கற ஆளுலதானடா ஆரம்பிக்குது. இருக்கட்டும் விடு.”

பரோட்டாவைப் பிய்த்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு துளைகளை அழிக்காமல், பாறைக்கு முன்னால் இருந்த பெரிய பள்ளத்தை மவுஸால் இழுத்து மூடத் தொடங்கினான். எதற்கு என்றேன்.

“கல்ல ஒடச்சா ஏத்தறதுக்கு லாரி உள்ள வரணுமில்ல மாமா.”